ஊசிக்காரி என்று நீங்கள் கூப்பிட்ட வருஷம்

நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒருத்தர் என் படத்தைப் பார்த்துவிட்டு, "அட, இது நம்ம ஊசிக்காரியில்ல?" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். பிறகு ஆளுக்கொரு கதை. எனக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை என்று ஒருத்தர். வலிப்பு என்று ஒருத்தர். பேய் பிடித்திருந்தது, அதனால்தான் அவள் அம்மா பள்ளிக்கூட வராந்தாவிலேயே காவல் உட்கார்ந்திருந்தார் என்று இன்னொருத்தர்.

நமக்கெல்லாம் இப்போது முடி நரைத்து, மூட்டு வலித்து, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடுகிற வயது. இவ்வளவு காலமும் கூடப் படித்தவளுக்கு என்ன வந்தது என்று உங்களுக்குத் தெரியாமலே போயிருக்கிறது. அப்போது யாரும் உங்களிடம் சொல்லவில்லை. நானும் பேச்சை எடுத்தால் வேறு பக்கம் போய்விடுவேன். பழனிசெட்டிபட்டியில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். படித்துவிட்டு, வேண்டுமானால் மறுபடியும் ஊசிக்காரி என்றே கூப்பிடுங்கள்.

நமக்கு அப்போது ஆறாம் வகுப்பு. கோம்பையிலிருந்து மேற்கே மலையைப் பார்த்துப் போகிற மண்பாதையின் கடைசியில் எங்கள் திராட்சைத் தோட்டம். அப்பாவுக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய்க் கடையில் வேலை. வாரக் கடைசியில்தான் வருவார். தோட்டம், வீடு, நல்லது கெட்டது எல்லாம் அப்பாவின் அண்ணன் பொறுப்பு. பெரியம்மா சீக்கிரமே போய்விட்டதால் பெரியப்பா எங்களோடுதான் இருந்தார்.

ஆவணியில் பன்னீர் திராட்சை வெட்டு. பந்தலுக்கடியில் வெயில்கூடப் பச்சையாகத்தான் விழும். இலைக்கு மருந்தடித்து அடித்துக் கல்தூண்கள் எல்லாம் மயில்துத்த நீலத்தில் இருக்கும். கீழே உதிர்ந்த பழம் புளித்து, தோட்டம் முழுக்க ஒரு கள்ளு வாசனை. அந்த வாசனைக்குத்தான் குளவிகள் வரும். வெடித்த பழத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு, பின்பக்கம் மட்டும் வெளியே தெரிய, அசையாமல் இருக்கும்.

ஒன்று என் காதுக்குப் பின்னால் கொட்டியது. அதற்கு முந்தின வருஷமும் கையில் கொட்டி, வீங்கி, வடிந்திருந்தது. அதனால் நான் அழக்கூட இல்லை. வெட்டுக்கு வந்திருந்த பெண்களில் ஒருத்தர் வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்துத் தடவிவிட்டார். அடுத்த கொத்தைப் பிடித்தபோது உள்ளங்கை அரித்தது. பிறகு உள்ளங்கால். செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்தூணில் காலைத் தேய்த்தேன். தூணின் நீலம் காலில் ஒட்டியது. அடுத்து வயிற்றை முறுக்கியது. நாக்கு தடித்து வாய்க்குள் அடங்கவில்லை. பக்கத்தில் பேசுகிறவர்களின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, நான் சாகப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யாரோ வந்து காதில் சொல்லிவிட்டுப் போன மாதிரி, அவ்வளவு நிச்சயமாக. பின்னாளில் டாக்டர்கள் சொன்னார்கள், அந்த நினைப்பும் இதன் ஓர் அறிகுறிதானாம்.

உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பிவிட்டது. நம் பக்கம் அதற்குப் பெயர் காணாக்கடி. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கடித்துவிட்டது என்று கணக்கு. மந்திரித்துத் திருநீறு போட்டால் அமுங்கிவிடும் என்பார்கள்.

"காணாக்கடிதான். ஒண்ணும் இல்ல தாயி, ஒண்ணும் இல்ல," என்று சொல்லிக்கொண்டே பெரியப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு கோயில் பக்கம் ஓடினார். அவர் மூச்சு என் மூச்சைவிட மோசமாக வாங்கியது ஞாபகம் இருக்கிறது.

எதிரே அம்மா கஞ்சித் தூக்கோடு வந்துகொண்டிருந்தார். என் உதட்டைப் பார்த்தார். தூக்குவாளியை அப்படியே பாதையில் வைத்தார்.

"மாமா, நில்லுங்க. இங்கிட்டுக் குடுங்க புள்ளய."

"கோயிலுக்குத்தாம்மா, பூசாரி இருப்பாரு..."

"கோயிலுக்கு அப்புறம் போவோம். மூச்சு இருந்தாத்தான் திருநீறு பூச முடியும்."

பழப் பெட்டி ஏற்ற வந்திருந்த வேன் பாதை முனையில் நின்றது. அம்மா முன் சீட்டில் ஏறி என்னை மடியில் கிடத்தி, "பாளையத்து ஆஸ்பத்திரிக்கு விடுங்கண்ணே," என்றார். பாதிப் பெட்டிகள் இன்னும் ஏற்றவில்லை. டிரைவர் பின்கதவைக்கூடச் சாத்தவில்லை. வழியெல்லாம் பழம் கொட்டிக்கொண்டே போயிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் மலையாளத்து டாக்டரம்மா ஒருத்தர் இருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து தொடையில் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் தொண்டை திறந்தது. மூச்சு எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"இது விஷம் ஏறியதல்ல," என்று அம்மாவிடம் சொன்னார் டாக்டரம்மா. "குளவி விஷம் கொஞ்சம்தான். ஆனா இவளோட உடம்பு அதை எதிர்க்கிறேன்னு சொல்லி இவளையே அடிக்குது. அலர்ஜி. அடுத்த தடவை இதைவிட வேகமா வரலாம், கேட்டோ? வந்தா உடனே இந்த ஊசி போடணும். மாத்திரை குடுத்துட்டுப் பாத்துட்டு இருக்கக் கூடாது."

"எங்க தோட்டத்துலருந்து இங்கன வந்து சேர்றதுக்குள்ள என்னத்தையும் ஆயிப்போச்சுன்னா?"

டாக்டரம்மா என் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அன்று மாலையே பெரியப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். தோட்டம் வேண்டாம். பள்ளிக்கூடமும் வேண்டாம், போகிற வழியெல்லாம் தோப்பும் துரவும். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்க வேண்டியது.

"எம்புட்டு நாளைக்கு மாமா?" என்று அம்மா கேட்டார்.

"உசுரு இருக்கணும்ல? உசுரு இருக்குற வரைக்கும்."

மறுநாள் சின்னமனூர் போய்ப் பச்சை வலை வாங்கி வந்து, எல்லா ஜன்னலுக்கும் அவரே ஆணி அடித்தார். நீங்களெல்லாம் பையை மாட்டிக்கொண்டு எங்கள் தெரு வழியாகப் போவதை அந்த வலைக்குள்ளிருந்துதான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் பச்சை முகத்தோடு போனீர்கள். அம்மாவும் தன் பங்குக்கு, நிறத்துக்கும் வாசனைக்கும் குளவி வரும் என்று, என் பூப்போட்ட பாவாடைகளைத் தானம் பண்ணினார். தலைக்குப் பூ கிடையாது. ரோஸ் நிறத் தகர டப்பாவில் இருந்த என் பவுடர் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. அதில் பாதி தேவையே இல்லை என்று இப்போது படுகிறது. ஆனால் பயந்தவர்கள் எதையாவது ஒளித்து வைக்கத்தானே செய்வார்கள்.

அம்மா பயத்தோடு நின்றுவிடவில்லை. அடுத்த வாரமே என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி மறுபடியும் டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தார்.

"எனக்கு அந்த ஊசி போடச் சொல்லித் தாங்க."

"அது சரியாகாது. நீங்க நர்ஸ் இல்லை. தப்பாப் போட்டா?"

"எங்க தெருவுல போஸ்ட்டாபீசு அம்மா இருக்காக. சக்கர வியாதி. தெனமும் தனக்குத் தானே வயித்துல குத்திக்கிறாக. அவுக எந்த நர்சு படிப்புப் படிச்சாக?"

"அது இன்சுலின். வேற."

"குத்துறது ஒண்ணுதானங்க? மருந்துதான வேற? எம்புட்டுன்டு நீங்க சொல்லுங்க, அதுக்கு மேல ஒரு பொட்டுக்கூடப் போட மாட்டேன். நீங்க மாட்டேன்டு சொன்னாலும் நான் நாளைக்கு வருவேன். நாளன்னைக்கும் வருவேன்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். பிறகு வெளியே இருந்த நர்ஸைக் கூப்பிட்டு, சமையலறையில் கத்தரிக்காய் இருக்கிறதா என்று கேட்டார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மருந்து இருக்கிற சின்னக் கண்ணாடிக் குப்பியின் கழுத்தை எப்படி உடைப்பது, எப்படி உறிஞ்சுவது, காற்றை எப்படி வெளியேற்றுவது. முதல் நாள் அம்மாவின் விரல் கிழிந்து ரத்தம் வந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்ததை எடுத்தார். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. குப்பியின் மேல் இருந்த எழுத்தைக் கோலம் மாதிரி பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தார். மருந்து தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும், நிறம் மாறினால் தூக்கி எறிந்துவிட வேண்டும், வெயிலில் வைக்கக் கூடாது. அந்த மாதம் எங்கள் வீட்டுக் குழம்பில் கிடந்தது எல்லாம் ஊசி குத்தின கத்தரிக்காய்தான். கடைசியில் டாக்டரம்மா எதிரிலேயே அம்மா வெறும் தண்ணீரைத் தன் தொடையில் போட்டுக் காட்டினார். முகம் சுளிக்கவில்லை.

"கொள்ளாம்," என்றார் டாக்டரம்மா. நல்லாயிருக்கு என்று அர்த்தம். பிறகு என் பக்கம் திரும்பினார். "மோளே, இனி நீ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா என் கையில் கத்தரிக்காயைக் கொடுத்தார்.

"நான் எல்லா நேரமும் ஒங்கூட இருக்க மாட்டேன்ல? குளவிக்கு அது தெரியாது. குத்து."

பழைய ஜாமெட்ரி பாக்ஸ் ஒன்றிலிருந்து காம்பஸ், பாகைமானி எல்லாம் எடுத்துவிட்டு, பஞ்சு விரித்து, இரண்டு குப்பியும் உறை பிரிக்காத ஊசிகளும் வைத்தார் அம்மா. பிளாஸ்டிக் ஊசி அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்தது. பெரியப்பா அந்தப் பெட்டி இருக்கிற அலமாரிப் பக்கமே போக மாட்டார். "அந்தச் சனியன நான் தொட மாட்டேன்," என்பார். அம்மா ஊசி குத்திப் பழகுகிற நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுவார். பெண்பிள்ளை படிப்பதில் அவருக்கு இஷ்டமில்லை, அதனால்தான் இத்தனை முரண்டு என்று நினைத்தேன். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நினைத்தோம்.

பள்ளிக்கூடக் கதை உங்களுக்குப் பாதி தெரியும். பெரியப்பா தடுத்தும் கேட்காமல் அம்மா என்னையும் பெட்டியையும் அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். தலைமை ஆசிரியர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"இது பள்ளிக்கூடமா, ஆஸ்பத்திரியா? வேற பிள்ள எடுத்துக் குத்திக்கிட்டா யாரும்மா பொறுப்பு? இதெல்லாம் உள்ள அனுமதிக்க முடியாது."

"பெட்டி உள்ள வரக்கூடாது, அம்புட்டுத்தான சார்? நான் வரலாம்ல?"

அடுத்த நாளிலிருந்து அம்மா வராந்தாத் தூணோரம் வந்து உட்கார்ந்தார். மடியில் பெட்டி. பக்கத்தில் ஒரு கூடை மொச்சைக்காய். நம் வாய்ப்பாட்டுச் சத்தத்துக்கு நடுவில் மொச்சை உரிபடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மழை வந்தது, சாரலில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அங்கேயே இருந்தார். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரி, இந்த அம்மா யார் என்று கேட்டார். தலைமை ஆசிரியர் என்ன சொன்னாரோ தெரியாது. மறுநாள் அம்மாவைக் கூப்பிட்டு, "பெட்டி பிள்ளையோட பையிலயே இருக்கட்டும். நீங்க தயவுசெஞ்சு வீட்டுக்குப் போங்க," என்றார். உங்களில் ஒருத்தர் பெட்டியை எட்டிப் பார்த்ததும், எனக்கு அந்தப் பெயர் விழுந்ததும் அந்த வாரம்தான்.

தை மாதம் இன்னொரு வெட்டு. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. இந்தப் பழனிசெட்டிபட்டியில் இருந்த என் மாமா வீட்டில் விசேஷம், அம்மா காலையிலேயே பஸ்ஸில் போய்விட்டார். எனக்குப் பரீட்சை, நான் போகவில்லை. பெரியப்பாதான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் தேனியிலிருந்து வியாபாரிகள் பழம் ஏற்ற வந்துவிட்டார்கள். அவர் தோட்டத்துக்குப் போயாக வேண்டும். என்னைத் தனியே விட மனமில்லை. சைக்கிளில் ஏற்றிக் கூட்டிப் போய், பந்தலுக்குக்கூடக் கொண்டுபோகாமல், நேராக மோட்டார் அறைக்குள் விட்டார்.

"கதவச் சாத்திக்க தாயி. இதுக்குள்ள ஈ காக்கா வராது. வெட்டு முடிஞ்சதும் கூப்புடுறேன்."

பத்திரமான இடம் என்று அவர் தேடிப் பிடித்தது அந்த இருட்டறைதான். உள்ளே கிரீஸ் வாசனையும் உர மூட்டை நெடியும். கதவிடுக்கு வெளிச்சத்தில் சரித்திரப் புத்தகத்தை விரித்தேன். ஓட்டுச் சரிவில், ஸ்டார்ட்டர் பெட்டிக்கு நேர் மேலே, குளவிகள் கூடு கட்டியிருந்ததை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

கழுத்தில் கொட்டியது. கையால் தட்டினேன், இன்னொன்று கொட்டியது. பையை இழுத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே வந்து, "பெரியப்பா!" என்று கத்தினேன். அவர் வந்து சேர்வதற்குள் உள்ளங்கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டு கையாலும் வாரித் தூக்கப் போனார்.

"தூக்காதீக பெரியப்பா. படுக்க வைங்க."

"ரோட்டுல வண்டி நிக்குது தாயி, ஓடிப் போயிருவோம்..."

"மொதல்ல ஊசி. பையில பெட்டி இருக்கு. எடுங்க."

என் குரல் எனக்கே அம்மாவுடைய குரல் மாதிரிக் கேட்டது. அவர் என்னை வாசல் மண்ணிலேயே கிடத்திவிட்டுப் பெட்டியை எடுத்தார். தொட மாட்டேன் என்று சொன்ன பெட்டி. திறக்கத் தெரியாமல் பல்லால் கடித்துத் திறந்தார். குப்பியை வாங்கி நான் உடைக்கப் பார்த்தேன். விரலில் பிடிப்பே இல்லை. வழுக்கியது.

"நீங்க ஒடைங்க. கழுத்துல."

கொடி நறுக்கும் கவாத்துக் கத்தரி பிடித்துப் பிடித்துக் காய்த்த விரல்கள் அவருக்கு. குப்பி மொத்தமாக நொறுங்கி, மருந்தும் ரத்தமும் சேர்ந்து வழிந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது.

"இன்னொண்ணு இருக்கு பெரியப்பா. அழுத்தாதீக. கொத்துலருந்து ஒரு பழத்தக் கிள்ளுற மாதிரி, நைசா."

டிக் என்று ஒரு சத்தம். சுத்தமாக உடைந்தது. நான் ஊசியை விட்டு உறிஞ்சினேன். கோடு இரண்டிரண்டாகத் தெரிந்தது.

"மூணாவது பெரிய கோடு வரைக்கும் இருக்கா பாருங்க."

"கூட இருக்குத்தா."

"தள்ளுங்க. அதிகம் வேணாம்."

"இப்ப சரியா நிக்குது. எங்கன போடணும்?"

"தொடையில. வெளிப்பக்கம். பாவாடையோடவே. நேராக் குத்துங்க."

என் கையில் பலமில்லை. அவர் கையில் தைரியமில்லை. என் கை மேல் அவர் கையை வைத்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து குத்தினோம்.

காலைத் தூக்கி வாசலில் கிடந்த உர மூட்டை மேல் வைக்கச் சொன்னேன். வைத்தார். தலைமாட்டில் உட்கார்ந்து துண்டால் விசிறினார். வெட்டுக்காரப் பெண்கள் ஓடி வந்து சுற்றி நின்றார்கள். ஒருத்தர் தண்ணீரை வாயில் ஊற்ற வந்தார், பெரியப்பா கையை மறித்தார். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக ஆரம்பித்தது. கையெல்லாம் நடுங்கியது, நெஞ்சு படபடவென்று அடித்தது. அதைப் பார்த்து அவர் தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்.

"அழாதீக. மருந்து ஏறுது. அப்பிடித்தான் நடுங்கும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். உதட்டு வீக்கம் வடிந்துகொண்டிருந்தது. "சரியாப் போச்சுல்ல? வீட்டுக்குப் போயிருவமா தாயி? வீட்டுல போயிப் படுத்துக்கிறியா?"

நினைத்துப் பாருங்கள். எனக்கும் வீட்டுக்குப் போகத்தான் ஆசை. சுற்றி நின்றவர்களும் அதையேதான் சொன்னார்கள், பிள்ளை தேறிவிட்டது, இனி எதற்கு ஆஸ்பத்திரி என்று.

"இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போகணும். திரும்ப வரும்னு டாக்டரம்மா சொன்னாக. நடக்கவும் கூடாது, நீங்கதான் தூக்கணும்."

வியாபாரியின் வேனில் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து, நன்றாகிவிட்டது என்று நானே நம்ப ஆரம்பித்த நேரத்தில் மறுபடியும் தொண்டை இறுகியது. டாக்டரம்மா பக்கத்திலேயே இருந்தார். இரண்டாவது ஊசி, பாட்டில், ஆக்ஸிஜன். வீட்டுக்குத் திரும்பியிருந்தால் உங்களுக்கு இதை எழுத நான் இல்லை.

மூச்சு நிலைத்த பிறகு டாக்டரம்மா கேட்டார், "முதல் ஊசி யாரு போட்டது?"

பெரியப்பா கிழிந்த கட்டைவிரலைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு, "ரெண்டு பேருந்தான்," என்றார்.

தேனிக்குத் திரும்பிய வியாபாரி போய்ச் சொல்லி, சாயங்காலம் அம்மா வந்து சேர்ந்தார். விசேஷத்துக்குக் கட்டின பட்டுச் சேலையோடு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், தொடையில் ஊசி குத்தின இடத்தைப் பார்த்தார். சரியான இடம் என்பது போலத் தலையை அசைத்தார். பிறகு வராந்தாவுக்குப் போனார். கதவு திறந்துதான் இருந்தது. நான் தூங்குகிறேன் என்று நினைத்துப் பெரியப்பா பேசினார்.

"எனக்கு அடுத்தாப்புல ஒருத்தி இருந்தாத்தா. ஒனக்குத் தெரியாது. காச்சல்ல போயிட்டான்டுதான் ஊருக்குச் சொல்லி வச்சிருக்கோம். காச்சல் இல்ல. இதே தோட்டந்தான். குளவிதான். ஒடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு. காணாக்கடின்டு நாந்தான் தோள்ல போட்டுக் கோயிலுக்கு ஓடுனேன். எந்தோள்லயே போயிட்டா. ஆவணியில இவளுக்கு வந்தப்பவும் எங்காலு அந்தக் கோயிலுக்குத்தான் ஓடுச்சு. நீ மட்டும் மறிக்கலன்டா..."

எனக்கு ஓர் அத்தை இருந்தார் என்பதே அப்போதுதான் தெரியும். அந்தப் பச்சை வலையும், கதவைச் சாத்து என்று அவர் போட்ட சத்தமும், ஊசிப் பெட்டியைக் கண்டால் எழுந்து போனதும் எதனால் என்று கட்டிலில் கிடந்தபடியே புரிந்தது. நாங்கள் அதைப் பிடிவாதம் என்று நினைத்தோம். அவர் ஒரு தங்கச்சியைத் தோளில் சுமந்துகொண்டே அத்தனை வருஷமும் நடந்திருக்கிறார்.

அம்மா அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அன்னைக்கு ஒங்களுக்குச் சொல்லிக் குடுக்க ஆளில்ல மாமா. இன்னைக்கு ஆள் இருக்கு. காலையில டாக்டரம்மா வந்ததும் ஒக்காந்து முறையாப் பழகுங்க. கத்தரிக்கா நான் வாங்கியாரேன்."

பழகினார். பாதிக் கூடைக் கத்தரிக்காய் பாழானது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வெட்டுக்கும், முதல் கொத்து வெட்டுவதற்கு முன்னால், வேலைக்கு வந்தவர்களைப் பந்தலுக்கடியில் உட்கார வைத்துத் தன் தங்கச்சி எப்படிச் செத்தாள் என்று சொல்லுவார். கூடவே என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லுவார். மனிதர் கதை சொல்லத் தெரியாதவர். நிறுத்தி நிறுத்தித்தான் சொல்லுவார். ஒருத்தரும் எழுந்து போனதில்லை.

நம் குழுவில் போன வாரம் வேறொன்றும் வந்தது. அலர்ஜிக்கு மஞ்சளும் மிளகும் போதும், ஊசி எதற்கு என்று. அனுப்பியவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கொட்டியதோ தின்றதோ ஒத்துக்கொள்ளாமல், உடம்பு தடித்து, குரல் கம்மி, மூச்சு இழுத்தால் அந்தச் செய்தியைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். படுக்க வையுங்கள். வண்டிக்குச் சொல்லுங்கள். டாக்டர் ஊசி கொடுத்து வைத்திருந்தால் முதலில் அதைப் போடுங்கள். தேறிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சில நாளில் அம்மா என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். பெரியப்பா குளவிக்கூட்டைப் புகை போட்டு எடுத்து, ஓட்டு இடுக்கெல்லாம் சிமெண்ட் பூசி வைத்திருந்தார். அப்படியும் மோட்டார் அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகியிருந்தார்.

"இவ இனிமே இங்கன வர வேணாம்த்தா. கண்ணால பாக்கக்கூட வேணாம்."

"வரணும். சாவியக் குடுங்க."

அம்மா பூட்டைத் திறந்து ஒதுங்கி நின்றார்.

"உள்ள போயி மோட்டாரப் போடு."

உள்ளே புகை நாற்றம் இன்னும் போகவில்லை. கூரையைப் பார்த்தேன். ஒவ்வொரு ஓடாகப் பார்த்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது, இந்தத் தடவை மருந்தினால் இல்லை. வாசலில் பெரியப்பாவின் நிழல் விழுந்திருந்தது. அவர் உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கூர்ந்து கேட்டேன். "தொடையில. வெளிப்பக்கம். துணியோட. நேரா."

பச்சைப் பட்டனை அழுத்தினேன். ஸ்டார்ட்டர் டக்கென்று பிடித்தது. மோட்டார் உறுமியது. வெளியே குழாய் இரண்டு தடவை இருமிவிட்டு, தண்ணீரைத் தொட்டியில் கொட்டியது.

நான் வெளியே வந்தபோது அம்மா மண்வெட்டியோடு வாய்க்கால் வரப்பில் வெகுதூரம் போயிருந்தார். திரும்பிப் பார்க்காமலே சத்தம் போட்டார்:

"ஏத்தா, அங்கனயே ஏன் நிக்கிற? தண்ணி பந்தலுக்குப் போகுதான்டு வந்து பாரு."

பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தண்ணீர் கூடவே ஓடினேன்.